துடைக்கத் தெரிந்த மனிதர்

பாறசாலையில் நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. போன வாரம் களியக்காவிளையிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். "அண்ணாச்சி, ராத்திரியில் எதிரே வரும் வண்டியின் விளக்கு பூவாய்ச் சிதறுகிறது. பவர் கூடிவிட்டதா?" என்றார். கண்ணாடியை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தேன். வட்டம் வட்டமாக மயிரிழைக் கீறல்கள். வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து வந்தவை. பவர் மாறவே இல்லை.

அவர் போனதும் எனக்கு பிரெஞ்சு வானியலாளர் பெர்னார் லியோ ஞாபகம் வந்துவிட்டது.

2010 ஜனவரி 15 அன்று மதியம் கடையை அடைத்துவிட்டு மொட்டைமாடியில் வளையச் சூரிய கிரகணம் பார்த்தேன். 7 நிமிடத்துக்கும் மேல் நெருப்பு வளையம் நின்றது. ஆனால் சூரியனைச் சுற்றியிருக்கும் மங்கலான ஒளிப்படலமான கொரோனா தெரியவில்லை. சூரியனின் முகத்தைவிட அது ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு மங்கல். மெல்லிய வளையம் மிச்சமிருந்தாலும் அதன் ஒளியில் அமுங்கிவிடும். முழு கிரகணத்தின் சில நிமிடங்களில்தான் உலகம் அதைப் பார்த்துவந்தது.

தொலைநோக்கிக்குள் ஒரு வட்டத் தகட்டை வைத்துச் சூரியனை மறைத்தால் போதாதா? முயன்றவர்கள் தோற்றார்கள். லென்ஸின் கீறல், குமிழி, தூசி எல்லாம் ஒளியைச் சிதறடித்தன, லாரிக்காரரின் கண்ணாடியைப் போலவே. லியோ குமிழியே இல்லாத கண்ணாடியைத் தேடி எடுத்து ஒற்றை லென்ஸாக மெருகேற்றினார். தூசி ஒட்டிக்கொள்ளட்டும் என்று குழாயின் உட்புறத்தில் எண்ணெய் பூசினார். லென்ஸின் விளிம்பில் வளைந்து வரும் ஒளியைத் தடுக்கத் தனியாக ஒரு தடுப்பு வைத்தார். அந்தத் தொலைநோக்கியைப் பிரான்சில் 2877 மீட்டர் உயரத்தில் உள்ள பிக் டு மிடி மலைக்குக் கொண்டுபோய், 1930இல் கிரகணம் இல்லாத நாளிலேயே கொரோனாவைக் கண்டார். கண்ணாடி துடைத்தே பிழைக்கிற எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

மலை எதற்கு? எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பால் சூரியனை முழுதாக மறைத்து நின்று, சுற்றியுள்ள வானத்தை மட்டும் பார்ப்பேன். மார்ச் மாதத்தில் பால் தெளித்ததுபோல் வெளுத்திருக்கும். அந்த வெளுப்பே கொரோனாவை விழுங்கிவிடும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை விட்ட மறுநாள் காலையில் தொட்டி விளிம்பு வரைக்கும் நீலம் இறங்கியிருக்கும். அதுகூடப் போதாது; தூசியும் ஈரமும் காலுக்குக் கீழே கிடக்கிற உயரம் வேண்டும்.

லாரிக்காரருக்குப் புது லென்ஸ் தயார். நாளை வருகிறார். முதலில் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகுதான் துணியைத் தொட வேண்டும் என்று குழாயடியில் நிறுத்திச் செய்து காட்டுவேன். லியோவைப் பற்றியும் சொல்வேன்.