பேய்க்கும் வாசலில் தடை உண்டு

சிங்கப்பூரில் ஒரு சிறிய தமிழ்ப் பதிப்பகத்தில் கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்துவது என் வேலை. சீனப் புராணத்தை வைத்து ஒரு இளம் பெண் எழுத்தாளர் எழுதிய துப்பறியும் நாவல் சென்ற ஆண்டு வந்தது. சோங் அரச வம்சக் காலத்துக் கைஃபெங் நகரம், ஒரு நீதிபதி, ஒரு கொலை. நடை நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே செத்தவன் ஆவியாக வந்து கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். அப்புறம் துப்பறிய என்ன இருக்கிறது?

"சீனக் கதைன்னா பேய் வந்து சொல்லத்தானே செய்யும், அக்கா?" என்றாள்.

சொல்லும்தான். ஆனால் லேசில் சொல்லிவிட முடியாது. கைஃபெங்கில் நிஜமாகவே அதிகாரியாக இருந்த பாவ் செங்கை (999–1062), பகலில் உயிரோடிருப்பவர்களுக்கும் இரவில் செத்தவர்களுக்கும் தீர்ப்பு சொல்பவராக மக்கள் ஆக்கிவிட்டார்கள். அவர் பேரில் ஒரு கறுப்புப் பானைக் கதை உண்டு. தங்க வந்த வியாபாரியைச் சூளைக்காரன் பணத்துக்காகக் கொன்று எரித்து, சாம்பலைக் களிமண்ணில் பிசைந்து பானையாகச் சுட்டுவிடுகிறான். பழைய கடனுக்கு ஈடாக அந்தப் பானையை வாங்கிப்போன கிழவரிடம் அது வாய் திறந்து அழுகிறது. அவர் நீதிமன்றத்துக்குத் தூக்கிப்போனால், அங்கே பேச்சு மூச்சில்லை! வாசல் காவல் தெய்வங்கள் ஆவியை உள்ளே விடவில்லையாம். நீதிபதி காகிதம் எரித்து அவற்றைச் சமாதானப்படுத்திய பிறகுதான் முறையீடே தொடங்குகிறது. அரசாங்க அலுவலகத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புரியும். இங்கே பேய் வெறும் மனுதாரர். குற்றவாளியை வரவழைத்து ஒப்புக்கொள்ள வைப்பது நீதிபதியின் பாடு.

சோங் ஸி என்ற அதிகாரி 1247-இல் எழுதிய பிணப் பரிசோதனை நூலையும் அவளுக்குச் சொன்னேன். ஊரார் அரிவாள்களையெல்லாம் தரையில் பரப்பிவைத்து, ரத்த வாடைக்கு ஈ மொய்த்த அரிவாளுக்குச் சொந்தக்காரனைப் பிடித்த வழக்கு அதில் இருக்கிறது. பேய் பாதி வழி கொண்டுவந்துவிட்டால், மீதியை ஈ பார்த்துக்கொள்ளும்.

இங்கே ஹாவ் பார் வில்லா என்ற பூங்காவில், சீனர்கள் நம்பும் நரகத்தின் பத்து நீதிமன்றங்களைச் சிலைகளாக வைத்திருக்கிறார்கள். அதை அவளும் பார்த்திருந்தாள். பௌத்தத்தோடு சீனா போன நம் யமன் ஐந்தாவது மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். பத்தாவதில் மெங் போ என்ற கிழவி கொடுக்கும் பானத்தைக் குடித்தால் முன்ஜென்ம நினைவு மொத்தமும் போய்விடும். "சாட்சி அதைக் குடிக்கிறதுக்குள்ள நீதிபதி போய்ச் சேரணும்னு வச்சுப்பாரேன்" என்றேன்.

இரண்டாம் பிரதி வந்துவிட்டது. இப்போது ஆவிக்கே கொலைகாரன் யாரென்று தெரியாது. பின்னாலிருந்து குத்தியிருக்கிறார்கள்.