நூலகச் சர்வரும் பேக்கப்பும்

மார்ச் 2
பெங்களூரு அல்சூரில் எங்கள் தமிழ் நூலகத்தின் பட்டியல் முழுவதும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு வந்துவிட்டது. மூத்த உறுப்பினர்கள் அட்டை அட்டையாகச் சரிபார்த்துச் சேர்த்த விவரங்கள் அவை. தொலைந்தால் மறுபடி எழுத ஆளில்லை. இரவுதோறும் பேக்கப் (காப்பு நகல்) எடுக்க, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஒரு வரி சேர்த்தேன். அதிகாலை 2.30 தோதான நேரம். சர்வரின் கடிகாரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுவதால், முந்தைய நாள் 21.00 என்று குறித்தேன்.

மார்ச் 4
இன்று வேண்டுமென்றே தவறான கடவுச்சொல் கொடுத்து, பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டை ஓட்டினேன். வெற்றி என்றே பதிவானது! கோப்பும் இருந்தது, வெறும் 20 பைட். தரவுத்தளத்தை நகலெடுக்கும் பிஜி டம்ப் தோற்றுப்போனாலும், அதன் வெளியீட்டை வாங்கிச் சுருக்கும் ஜிஸிப் வெறுமையையும் ஒழுங்காகச் சுருக்கிவிடுகிறது. கட்டளைகளை ஓட்டும் ஷெல், இப்படிக் கோத்த வரிசையில் கடைசிக் கட்டளை சொல்வதைத்தான் நம்பும். பாஷ் என்ற அந்த ஷெல்லில், வரிசையில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயிலை இயக்கிய பிறகே தோல்வி தோல்வியாக வெளிவந்தது.

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிந்தபோதும் இப்படித்தான். போஸ்ட்கிரெஸ் பதிப்பு பொருந்தாமல் அவர்களது பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்நேர நிலையின் நகல்தான் கைகொடுத்தது. அவர்கள் எதையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

மார்ச் 7
வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தோம். அட்டவணைகள் வந்தன, தரவுத்தளத்துக்குள் நுழைவதற்கான பயனர் கணக்குகள் வரவில்லை. பிஜி டம்ப் ஒரு தரவுத்தளத்தை மட்டுமே எடுக்கும், கணக்குகளைத் தொடாது. அவற்றைத் தனியே எடுக்க பிஜி டம்ப்ஆல் சேர்த்தேன்.

நூலகர் ஐயா பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? நேற்று இரவல் போன புத்தகத்தைத் தேடுங்கள்" என்றார். அருமையான சோதனை. இருந்தது.

மார்ச் 9
மீட்புச் சோதனையும் இனி சனிக்கிழமைதோறும் தானாக நடக்கும்: வெற்றுக் கணினியில் ஏற்றி, கடைசி இரவல் தேதியை ஒப்பிடும். வெற்றிச் செய்தி வராவிட்டால் வேறொரு சர்வர் எனக்குத் தகவல் அனுப்பும். செத்துப்போன சர்வர் தன் சாவைத் தானே சொல்லாது அல்லவா!

ஒரு நகல் வெளியூர்ச் சர்வருக்குப் போகிறது. உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் அதில் இருப்பதால் குறியாக்கம் செய்தே அனுப்புகிறேன். அதைத் திறக்கும் சாவியின் ஒரு பிரதி நூலகர் ஐயாவிடம் பென் டிரைவில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அவரே திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.