மூன்று 214

எங்கள் குழுமத்தில் 214 என்ற எக்ஸ்டென்ஷன் எண் மூன்று இடத்தில் இருந்தது. கோவை ஹெட் ஆபீசில் அது அக்கவுண்ட்ஸ், திருப்பூர் கார்மென்ட்ஸ் யூனிட்டில் ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசர், பெருந்துறை சிப்காட் சாயப் பிரிவில் ஈடிபி ரூம், அதாவது சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இடம். ஊருக்கு ஒரு இபிஏபிஎக்ஸ், அதாவது உள் போன் எக்ஸ்சேஞ்ச், ஊருக்கு ஒரு வாய்ஸ்மெயில் சர்வர் என்று வாங்கி, அவரவர் பாட்டுக்கு 200-இலிருந்து எண் கொடுத்துக்கொண்டே போயிருந்தார்கள். 2012-இல் மூன்றையும் இணைக்கும் வேலை என்னிடம் வந்தது. திருப்பூரில் இருப்பவர் பெருந்துறைக்காரரின் பெட்டியில் நேராகச் செய்தி போட வேண்டும், அவர் அதற்குப் பதில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

கம்பி வேலை சுலபம்தான். திருப்பூர், பெருந்துறை சர்வர்கள் இரண்டும் ஓரளவு புதுசு, வாய்ஸ்மெயில் சர்வர்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் விபிஐஎம் தெரிந்தவை. 1998-இல் ஆர்எப்சி 2421 என்ற இணைய ஆவணமாக வந்து 2004-இல் 3801 ஆகத் திருத்தப்பட்ட முறை அது. பெரிய மந்திரமெல்லாம் இல்லை, குரலை ஒரு இணைப்பாகக் கட்டிச் சாதாரண ஈமெயில் போல எஸ்எம்டிபி வழியாக அனுப்பும். ஒரு நிமிடப் பேச்சை 32 கிலோபிட்டில் சுருக்கினால் 240 கேபி, மெயிலுக்காக எழுத்தாக மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு கூடி 320 கேபி. எங்கள் லீஸ்டு லைனுக்கு அது தூசு. கோவையில் இருந்ததுதான் பழைய பெட்டி, அதற்கு ஏஎம்ஐஎஸ் அனலாக் தவிர வேறு பாஷை தெரியாது. அந்த முறையில் ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு மனுஷன் போலவே போன் போட்டு, டோன் அடித்து எண்ணைச் சொல்லி, செய்தியை வாசித்துக் காட்டும். இந்தப் பக்கம் அதை ரெக்கார்டு செய்துகொள்ளும். இரண்டு நிமிடச் செய்தி போய்ச் சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரு லைன் மாட்டிக்கொள்ளும். முதல் தடவை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது சிரிப்பு வந்தது, ஆனால் வேலை செய்தது.

எண்ணில்தான் மூச்சு வாங்கியது. கோவைக்கு 1, திருப்பூருக்கு 2, பெருந்துறைக்கு 3 என்று முன்னால் சேர்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 2214 என்று அழுத்த ஆரம்பித்தால் 221 வந்தவுடனேயே எக்ஸ்சேஞ்ச் அந்த ரூமுக்கு மணி அடித்துவிடுகிறது, கடைசி 4 அந்தரத்தில் நிற்கிறது. 0 வெளி லைனுக்கு, 9 ஆபரேட்டருக்கு, 8 ஏற்கெனவே வேறு எதற்கோ. மிச்சம் இருந்தது 7. ஆக 71, 72, 73. ஐந்து இலக்கம் என்றதும் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள்.

எண் வேண்டாம், பெயரை அழுத்தித் தேடட்டும் என்று அந்த வசதியையும் திறந்து விட்டேன். கொங்கு நாட்டில் இதைச் செய்வதற்கு முன்னால் யாரையாவது கேட்டிருக்க வேண்டும். 7-2-5 அழுத்தினால் வரிசையாகப் பழனிசாமிகள். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக் கூட்டல். 7-4-2 அழுத்தினால் சண்முகங்கள். கடைசியில் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து அவர் குரலிலேயே 'ஸ்டோர்ஸ் பழனிசாமி', 'ஸ்பின்னிங் பழனிசாமி', 'குன்னத்தூர்ப் பழனிசாமி' என்று பதிவு செய்தோம். அதற்கே மூன்று நாள். நடுநடுவே கரண்ட் வேறு போகும். அந்த வருஷம் எங்கள் பக்கம் பல நாள் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருந்ததில்லை, யுபிஎஸ்ஸும் களைத்துப் போய்க் கையை விரித்துவிடும்.

இணைத்து இரண்டு வாரம் இருக்கும். திருப்பூர் மெர்ச்சண்டைசர் என்னைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினார். "டையிங் மாஸ்டருக்கு மூணு மெசேஜ் போட்டுட்டேங்க. லேப் டிப் என்னாச்சுன்னு ஒரு பதிலும் இல்லை. அந்த ஆளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது." லேப் டிப் என்றால் மொத்தமாகச் சாயம் ஏற்றுவதற்கு முன்னால் சின்னத் துண்டில் போட்டுப் பார்க்கும் சாம்பிள். பெருந்துறைக்குப் போட்டால் டையிங் மாஸ்டர் அதைவிடச் சூடாக இருந்தார். ரெண்டாவது டிப்பில் ஷேடு வந்துவிட்டது, ஓகே சொன்னால் லாட் ஏற்றுகிறேன் என்று மூன்று முறையும் பதில் சொல்லியாகிவிட்டதாம், அந்தப் பையன்தான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லையாம். இரண்டு சர்வரின் லாகையும் பார்த்தேன், எல்லாச் செய்தியும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததாகவே இருந்தது. அன்று இரவு தூக்கமில்லை.

மறுநாள் காலை பெருந்துறை ஆபரேட்டர் அக்கா கூப்பிட்டார். "தம்பி, ஈடிபியில வேலை செய்யறவர் ஒருத்தர் வந்து நிக்கறாருங்க. அவங்க ரூம் போன்ல மூணு நாளா செவப்பு லைட்டு எரிஞ்சுட்டே இருக்குதாம், போனு ரிப்பேருங்களான்னு கேக்கறாரு."

கேட்டவுடனே வயிற்றைப் பிசைந்தது. மூன்று சர்வருக்கும் நான் கம்பெனியின் ஒரே டொமைன் பெயரை, அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயரை, கொடுத்திருந்தேன். போகும்போது 73 சேர்த்துப் போனதால் செய்தி சரியான பெருந்துறைப் பெட்டியில் விழுந்தது. ஆனால் அனுப்பியவர் எண் என்ற இடத்தில் திருப்பூர் சர்வர் வெறும் 214 என்றே எழுதி அனுப்பியிருக்கிறது. மாஸ்டர் பதில் பட்டனை அழுத்தியதும் பெருந்துறை சர்வர், 214 நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்று பதிலை ஈடிபி ரூமில் போட்டுவிட்டு விளக்கையும் ஏற்றிவிட்டது. அது செய்தது தப்பே இல்லை. போகிற வழியை மட்டும் பத்துத் தடவை சோதித்து, திரும்பி வருகிற வழியை ஒரு தடவைகூடச் சோதிக்காதவன் நான்.

அப்புறம் ஆளுக்கொரு பெயரை சர்வர்களுக்குக் கொடுத்து, வெளியே போகும் எந்தச் செய்தியும் ஐந்து இலக்க எண்ணோடுதான் கிளம்ப வேண்டும் என்று மாற்றினேன். டையிங் மாஸ்டரின் மூன்று பதிலையும் ஈடிபி ரூமில் நின்றுகொண்டே கேட்டேன். பம்புச் சத்தம், நாற்றம். முதல் பதில் மரியாதையாக இருந்தது. மூன்றாவதை மெர்ச்சண்டைசருக்கு அனுப்பவில்லை, அழித்துவிட்டேன்.

அடுத்த மாதம் கரூர் யூனிட்டையும் சேர்க்கச் சொன்னார்கள். போய் இறங்கியதும் முதல் வேலையாக அவர்கள் எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தேன். அங்கே 214 கேன்டீன்.