வீட்டையே சுட்டவர்

காலையில் மழை விட்டதும் செங்கல் சூளைப் பக்கம் போனேன். தார்ப்பாய் விலகிய இடத்தில், இன்னும் சுடாத பச்சைக்கல் வரிசை கூழாகிக் கிடந்தது. பக்கத்திலேயே வெந்த கல், நனைந்து இன்னும் சிவப்பாக.

இரண்டும் ஒரே மண்தான்.

ஏறக்குறைய 600 டிகிரிச் சூட்டில் களிமண்ணோடு பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. அப்புறம் எத்தனை மழை பெய்தாலும் அது குழையாது.

ரே மீக்கர் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் கட்டடக்கலையும் பீங்கான் கலையும் படித்துவிட்டு, 1971-இல் டெபோரா ஸ்மித்துடன் சேர்ந்து புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கியவர். கோப்பை, தட்டோடு மனிதர் நிற்கவில்லை. 1980களில் வீட்டையே சுட ஆரம்பித்தார்!

பச்சைக்கல்லை மண் சாந்து வைத்துக் கட்டி, கூரையையும் அதிலேயே வளைத்து எழுப்பி, உள்ளே செங்கலும் ஓடும் அடுக்கி, மொத்தத்துக்கும் தீ.

சாதாரண சூளையில் சுவர் குடிக்கிற சூடு வீண். இங்கே அந்தச் சுவர்தான் வீடு. உள்ளே வெந்த சரக்கை விற்று எரிபொருள் செலவை ஈடுகட்டலாம் என்பது கணக்கு. என்ன மூளை பாருங்கள்!

பிறகு பெரிய பெரிய சுடுமண் சிற்பங்கள் பக்கம் போனார். எனக்கென்னவோ அந்த வீடுகள்தான் பிடிக்கும்.