நெட் பக்கத்தில் நிற்கிறவர்

மத்தியாஸ் போ என்றால் நம் ஊரில் பலருக்கும் நடிகை டாப்சி பன்னுவின் கணவர் என்றுதான் தெரியும். கொஞ்சம் விளையாட்டுச் செய்தி படிக்கிறவர்கள், நம் பேட்மிண்டன் ஜோடி சாத்விக்-சிராக்கின் முன்னாள் கோச் என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் ஒரு வேலை பார்த்தார். பேட்மிண்டனில் டபுள்ஸ், அதாவது இருவர் சேர்ந்து ஆடும் இரட்டையர் ஆட்டம், மட்டும் ஆடுகிற வேலை. நானும் பிள்ளைகளுக்கு டபுள்ஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன்தான். என் வேலையில் ஏதாவது பிடிபடாமல் போனால் நான் போய் உட்கார்ந்து பார்ப்பது அவருடைய பழைய ஆட்டங்களைத்தான். அதனால் அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றுகிறது.

1980-இல் டென்மார்க்கின் ஃபிரெடெரிக்சுண்ட் என்ற ஊரில் பிறந்தவர். இடது கைக்காரர். அவர் பெரியவர்களோடு ஆட வந்த காலத்தில் இன்றைய 21 பாயிண்ட் முறை கிடையாது. அப்போது 15 பாயிண்ட். யார் சர்வ் போடுகிறார்களோ அவர்களுக்கு மட்டும்தான் பாயிண்ட் கிடைக்கும். டபுள்ஸில் ஒருவர் சர்வ் இழந்தால் பார்ட்னர் கையில் இன்னொரு சர்வ் மிச்சம் இருக்கும். 2006-இல் அதெல்லாம் போய், ஒவ்வொரு ரேலிக்கும் (சர்வ் முதல் ஷட்டில் விழும்வரை) ஒரு பாயிண்ட் என்றாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன மாற்றம். டபுள்ஸ்காரர்களுக்கு அது தொழிலையே புரட்டிப் போட்ட மாற்றம். ஒரு சர்வ் லேசாக உயர்ந்து போனால் முன்பு சர்வ்தான் போகும், இப்போது பாயிண்ட்டே போகும். ஆட்டத்தின் கனம் முழுக்க முதல் மூன்று அடிகளுக்கு வந்து சேர்ந்தது: சர்வ், அதை எடுப்பது, அதற்கு அடுத்த அடி. மத்தியாஸ் கை தேர்ந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

என் பிள்ளைகளுக்கு அவருடைய வீடியோ போட்டுக் காட்டும்போது முதலில் ஒன்று சொல்வேன்: ஷட்டிலைப் பார்க்காதீர்கள், நெட் பக்கத்தில் நிற்கிறவரை மட்டும் பாருங்கள். முதலில் அவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். பின்னால் அவருடைய பார்ட்னர் கார்ஸ்டன் மொகன்சென் எகிறி எகிறி, மேலிருந்து கீழே ஓங்கி ஸ்மாஷ் அடித்துக்கொண்டிருப்பார். முன்னால் மத்தியாஸ் ஒன்றும் செய்யாதவர் மாதிரி இருப்பார். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ராக்கெட்டின் தலை எப்போதும் நெட் டேப்பின் உயரத்தில் இருக்கும், இடுப்புக்கு இறங்கவே இறங்காது. கார்ஸ்டனின் ஸ்மாஷ் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அரை அடி நகர்ந்திருப்பார். எதிராளியின் ராக்கெட் முகம் திரும்புவதைப் பார்த்து, ஷட்டில் கிளம்புவதற்கு முன்பே எடை ஒரு காலுக்கு மாறியிருக்கும். அந்த நகர்வைப் பார்த்த எதிராளி, இங்கே போட்டால் செத்தோம் என்று ஷட்டிலைத் தூக்கி விடுவார். தூக்கினால் மறுபடியும் கார்ஸ்டனுக்கு ஸ்மாஷ். அந்த ரேலியில் மத்தியாஸ் ஷட்டிலைத் தொடவே இல்லை. ஆனால் பாயிண்ட் அவர் சம்பாதித்தது.

இதைத்தான் புரியவைக்கக் கஷ்டப்படுகிறேன். ஸ்கோர் பலகையில் இதற்கு இடம் இல்லை. கைதட்டலும் ஸ்மாஷ் அடித்தவருக்குத்தான்.

இடது கை, வலது கை ஜோடிக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நெட்டைப் பார்த்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். இடது கைக்காரர் வலப்பக்கமும் வலது கைக்காரர் இடப்பக்கமும் நின்றால், இரண்டு ஃபோர்ஹேண்டும், அதாவது ராக்கெட் பிடித்த கையின் பக்கம், நடுவில் வந்து சேரும். நடுவில் வரும் ஷட்டிலுக்கு இருவரும் பாய்வார்கள், ராக்கெட்டோடு ராக்கெட் மோதும். இடம் மாறி நின்றால் நடுவில் இரண்டு பேக்ஹேண்ட். இப்போது நீ எடு, நான் எடு என்று இருவரும் விட்டுவிடுவார்கள். ஒரே ரேலிக்குள் இந்த இரண்டு நிலையும் பலமுறை மாறி மாறி வரும். ஒவ்வொரு முறையும் நடுப்பந்து யாருடையது என்பது பேசாமலே தெரிந்திருக்க வேண்டும். மத்தியாஸும் கார்ஸ்டனும் பத்து ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து ஆடியதில் கிடைத்தது இந்தத் தெளிவுதான். வேறு எந்தக் குறுக்கு வழியிலும் அது வராது.

அவர்கள் ஆடப் பழகிய இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம்தான். அங்கே பேட்மிண்டன் வளர்ந்தது உள்ளூர் கிளப்புகளில். கிளப்புகளுக்கு இடையே லீக் நடக்கும். அதில் ஒரு கிளப் ஜெயிக்க சிங்கிள்ஸ் மட்டும் போதாது. டபுள்ஸும் கலப்பு இரட்டையரும் சேர்த்துத்தான் கணக்கு. ஆகவே ஒரு நல்ல டபுள்ஸ்காரருக்கு அங்கே வேலை இருக்கிறது. சிங்கிள்ஸில் தேறாதவன் என்ற பார்வை கிடையாது. தேசிய அளவுக்கு வந்தவர்கள் கோபன்ஹேகன் பக்கத்தில் இருக்கும் பிரண்ட்பி மையத்தில் கூடிப் பயிற்சி எடுக்கிறார்கள். அதாவது, ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் எதிரே நிற்கப்போகிறவரோடுதான் மற்ற நாட்களில் ஒரே ஹாலில் வியர்வை சிந்த வேண்டும்.

பேட்மிண்டனின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்தில் 2010-இல் அப்படியே நடந்தது. ஆண்கள் இரட்டையர் இறுதியில் இரு ஜோடியும் டென்மார்க். ஒரு பக்கம் லார்ஸ் பாஸ்கே, யோனாஸ் ராஸ்முசென்; 2003-இல் உலக சாம்பியன் ஆனவர்கள், மூத்தவர்கள். மறுபக்கம் மத்தியாஸ், கார்ஸ்டன். முதல் கேமை இளைய ஜோடி 23-21 என்று எடுத்தது. அடுத்ததை மூத்தவர்கள் 21-19 என்று எடுத்தார்கள். மூன்றாவது கேம் 26-24 வரை இழுத்துக்கொண்டு போய் மூத்தவர்கள் பக்கம் விழுந்தது. அப்படித் தோற்ற பிறகு அதே ஹாலுக்குத் திரும்பிப் போய், ஜெயித்தவர்களோடு சேர்ந்து பயிற்சி எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மறு ஆண்டே, 2011-இல், மலேசியாவின் கூ கியன் கியட், டான் பூன் ஹியோங் ஜோடியை மூன்று கேமில் ஜெயித்து ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை மத்தியாஸும் கார்ஸ்டனும் எடுத்தார்கள்.

அப்புறம் லண்டன் ஒலிம்பிக்ஸ், 2012. எனக்கு இறுதிப் போட்டியைவிட அரையிறுதிதான் பெரிது. எதிரே தென் கொரியாவின் ஜங் ஜே சுங், லீ யோங் டே. லீ யோங் டேயின் கையைப் பற்றி டபுள்ஸ் ஆடுகிற யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். முதல் கேம் 17-21 என்று போனது. இரண்டாவது 21-18. மூன்றாவது 22-20. இரண்டு பாயிண்ட் அந்தப் பக்கம் போயிருந்தால் வெண்கலத்துக்கான ஆட்டம். இந்தப் பக்கம் வந்ததால் தங்கத்துக்கான ஆட்டம். இறுதியில் சீனாவின் காய் யுன், ஃபூ ஹாய்ஃபெங் ஜோடியிடம் 16-21, 15-21 என்று தோற்றார்கள். வெள்ளிப் பதக்கம். அப்போது மத்தியாஸுக்கு 32 வயது.

இந்த வயதுக் கணக்கைப் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் அதிகம் சொல்கிறேன். அவருடைய பெரிய வெற்றிகளில் பெரும்பாலானவை முப்பதைத் தொட்ட பிறகு வந்தவை. அப்போது ஆண்டு முடிவுப் போட்டியாக இருந்த சூப்பர் சீரிஸ் ஃபைனல்ஸ் பட்டம் 2010, 2011, 2012 என்று அடுத்தடுத்து மூன்று முறை. 2013 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. 2015-இல் 34 வயதில் மறுபடியும் ஆல் இங்கிலாந்து; இறுதியில் தோற்கடித்தது ஃபூ ஹாய்ஃபெங், ஜாங் நான் ஜோடியை. ஆம், லண்டனில் தங்கத்தைத் தட்டிப் பறித்த அதே ஃபூ ஹாய்ஃபெங். கால் வேகம் குறையலாம். ஆனால் நெட் முன்னால் எதிராளியின் ராக்கெட் முகத்தைப் படிக்கிற கண் முப்பதுக்கு மேல்தான் பழுக்கிறது.

2016 ஜனவரியில் பிரீமியர் பேட்மிண்டன் லீக் ஆட இந்தியா வந்திருந்தபோது கார்ஸ்டனுக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு, இங்கேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். சில மாதங்களில் அவர் ஆட்டத்துக்குத் திரும்பினார் என்பதே ஆச்சரியம். ரியோ ஒலிம்பிக்ஸில் இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். குரூப் சுற்றைத் தாண்டவில்லை. டபுள்ஸ்காரரின் வாழ்க்கை எவ்வளவு தூரம் இன்னொருவர் உடம்பில் தொங்குகிறது என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்ட முடியாது. நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் பாதி ஆட்டம் உங்கள் கையில் இல்லை. அந்தப் பாதி படுத்துவிட்டால் காத்திருக்க வேண்டும். எழுந்து வந்தால் அவருடைய வேகத்துக்கு உங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். 2017-இல், சொந்த நாட்டிலேயே, கோல்டிங் ஊரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பை இருவரும் சேர்ந்து ஜெயித்தபோது எனக்கு லண்டன் வெள்ளியைவிட அதிகச் சந்தோஷம்.

2018-இல் இன்னொரு விதி மாற்றம் வந்தது. சர்வ் போடும் நொடியில் முழு ஷட்டிலும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் ஆளின் இடுப்புதான் அளவு. உயரமானவர்கள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் கைக்குப் பழகிய சர்வை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. மத்தியாஸுக்கு அப்போது 37. கார்ஸ்டனோடு பிரிந்து, மாட்ஸ் கான்ராட் பீட்டர்சனோடு புது ஜோடி சேர்ந்தார். புதுப் பார்ட்னர், புது நடுப்பந்துக் கணக்கு. 2020 ஏப்ரலில், டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஓராண்டு தள்ளிப்போன நேரத்தில், ஆட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தார்.

அடுத்த ஆண்டு அவர் நம் சாத்விக்சாய்ராஜ், சிராக் ஷெட்டி ஜோடியின் கோச்சாக வந்தார். சாத்விக்கின் ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் ஏறியிருக்கிறது. அப்படிப்பட்ட கை பின்னால் இருக்கும்போது முன்னால் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை வாழ்நாள் முழுக்கச் செய்து பார்த்த ஒருவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

டோக்கியோவில் குரூப்பில் மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தும் கேம் கணக்கில் வெளியேறினார்கள். அவர்கள் அங்கே ஜெயித்ததில் ஒன்று, பிறகு தங்கமே வாங்கிய தைவான் ஜோடி லீ யாங், வாங் சி லின்னுக்கு எதிராக. 2022-இல் இந்தியா முதல்முறையாக, ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையை எடுத்தபோது, இந்தோனேசியாவுக்கு எதிரான இறுதியில் அசான், சுகமுல்ஜோ ஜோடியை 18-21, 23-21, 21-19 என்று இவர்கள் ஜெயித்த ஆட்டம் பெரிய திருப்பம். 2023-இல் ஆசிய சாம்பியன்ஷிப், இந்தோனேசியா ஓபன், ஹாங்சோ ஆசிய விளையாட்டுத் தங்கம், உலகின் முதல் இடம் எல்லாம் வந்தன. 2024 பாரிஸில் காலிறுதி. மலேசியாவின் ஆரோன் சியா, சோ வூய் யிக் ஜோடியிடம் முதல் கேமை 21-13 என்று எடுத்துவிட்டுத் தோற்றார்கள். கோச் வேலை இத்தோடு போதும், குறைந்தது இப்போதைக்கு, என்று மத்தியாஸ் எழுதினார். பேட்மிண்டன் ஹாலுக்குள்ளேயே ரொம்பக் காலம் கழித்துவிட்டேன் என்ற பொருளில் அவர் சொன்னதை நான் முழுசாக நம்பினேன். ஆடும்போது பாதி ஆட்டமாவது கையில் இருக்கும். பெஞ்சில் அதுவும் இல்லை.

என் கூடத்துக்கு வரும் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் இன்றும், "பையன் சிங்கிள்ஸ்ல சரியா வரல சார், டபுள்ஸ்ல போட்டுப் பாருங்க" என்றுதான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது நான் லண்டன் அரையிறுதியின் மூன்றாவது கேமை அவர்களையும் உட்காரவைத்துக் காட்டுகிறேன். பயிற்சி ஆட்டங்களில் பலகையில் பாயிண்ட் எழுதும்போது, அடித்து முடித்தவன் பெயருக்குப் பக்கத்தில், ஷட்டிலைத் தூக்கவைத்தவன் பெயரையும் எழுதுகிறோம். முதலில் பிள்ளைகள் இதற்குச் சண்டை போட்டார்கள். இப்போது அவர்களே, "சார், அது இவன் நகர்ந்ததால வந்தது, இவன் பேரை எழுதுங்க" என்கிறார்கள். இந்தப் பருவத்தில் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஒரு இடது கை, வலது கை ஜோடியை டபுள்ஸுக்கு மட்டும் அனுப்புகிறேன். இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொண்டார்கள்.