குக்கியிலிருந்து வரும் பெறுமதி

திருகோணமலையில் இருந்துகொண்டு நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கான முன்பதிவுச் சேவைகளை நாங்கள் ஜாவாவில் எழுதிவருகிறோம். பயனர் தெரிவுசெய்த மொழி, கடைசியாகத் தேடிய ஆட்களின் எண்ணிக்கை போன்ற சிறு விபரங்கள் குக்கிகளில், அதாவது உலாவி சேமித்துவைத்துத் திருப்பியனுப்பும் சிறு தரவுகளில், இருக்கும். ஜாவாவில் இணையச் சேவைகளை எழுத உதவும் ஜேஏஎக்ஸ்-ஆர்எஸ் முறையில் அவற்றை வாசிப்பதற்கு, கோரிக்கையைக் கையாளும் மெதட்டின் பராமீற்றருக்கு (உள்ளீட்டுக்கு) முன்னால் ‘@குக்கிபராம்’ என்ற அனோட்டேஷனை (குறிப்பை) இட்டுக் குக்கியின் பெயரைக் கொடுத்தால் போதும். கோரிக்கையின் தலைப்பகுதியான ஹெடரைப் பிரித்துத் தேடும் வேலை நம்முடையதல்ல.

வேலை இவ்வளவு சுலபமாகிவிடுவதாலேயே, குக்கி வராவிட்டால் என்ன நடக்கும் என்று பலர் யோசிப்பதில்லை. ஆட்களின் எண்ணிக்கையை ‘இன்ட்’ (முழு எண்) வகையாக எழுதியிருந்த தங்கை ஒருவர், ‘கோட்’ எனப்படும் நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார்: “அண்ணா, பூச்சியம் வந்தால் ஒருவரும் இல்லை என்றுதானே அர்த்தம்?” குக்கியே வரவில்லை என்றாலும் அதே பூச்சியம்தான் வரும். குக்கி வராதபோது எடுக்கவேண்டிய பெறுமதியைச் சொல்லும் ‘@டிஃபோல்ட்வேல்யூ’ இட்டு இரண்டு என்று வைத்தால் திரை அழகாக இருக்கும். ஆனால் அந்த இரண்டு பயனர் சொன்னதா, நாம் ஊகித்ததா என்பது கோடுக்குத் தெரியாது. மொழிக்கு அது பரவாயில்லை, எண்ணிக்கைக்கு எனக்கு உடன்பாடில்லை.

இதைவிடச் சிக்கலானது, எண்ணாக மாற்றமுடியாத பெறுமதி வரும் நிலை. யூஆர்எல்லில் வரும் பராமீற்றர் எண்ணாக மாறாவிட்டால் 404 (காணவில்லை) என்ற பிழை கிடைக்கும். குக்கியோ ஹெடரோ அப்படி மாறாவிட்டால் 400 (தவறான கோரிக்கை) கிடைக்கும். இரண்டிலும் நம் மெதட் தொடங்குவதே இல்லை. யூஆர்எல்லைப் பயனர் திருத்திக்கொள்ளலாம். குக்கியையோ உலாவி ஒவ்வொரு கோரிக்கையிலும் தானாகவே அனுப்பிக்கொண்டிருப்பதால், ஒருமுறை கெட்ட பெறுமதி படிந்துவிட்டால் அந்த மனிதருக்கு எங்கள் தளம் திறக்கவே திறக்காது. ஆகவே, குக்கியை ‘ஸ்ட்ரிங்’ (எழுத்துத்தொடர்) ஆகவே வாங்கி, மாற்றத்தை மெதட்டுக்குள் நாங்களே செய்கிறோம்.

மாற்றம் பிழைத்தால், ஆயுட்காலத்தைப் பூச்சியமாக்கி அதே பெயரில் குக்கியைத் திருப்பியனுப்பி அழிக்கவேண்டும். அதற்குப் பாதையும் டொமைனும் முதலில் வைத்தபடியே இருக்கவேண்டும். ஸ்ட்ரிங்குக்குப் பதிலாக ‘குக்கி’ என்ற வகையையே பராமீற்றராகக் கேட்டால் அவையும் கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். ஆனால் 2011இல் வெளியான, குக்கிகளுக்கான இணையத் தரநிலையான ஆர்எஃப்சி 6265இன்படி உலாவி திருப்பியனுப்புவது பெயரையும் பெறுமதியையும் மட்டுமே. அதனால் குக்கியை வைக்கும் கோடும் அழிக்கும் கோடும் ஒரே மாறிலியிலிருந்து பாதையை எடுக்கும்படி எழுதியிருக்கிறோம்.