பந்தி முடிந்த பிறகு வயிற்றுக்குள் நடப்பது

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு நெஞ்சு எரிந்தால், பழி மிளகாய் மேல்தான் விழும். உப்புக்கறியில் மிதக்கிற வரமிளகாயைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வயிற்றின் கணக்கு வேறு.

மிளகாயில் உள்ள கேப்சைசின் அமிலம் கிடையாது. எதையும் சுடுவதும் இல்லை. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் மூளைக்குத் தகவல் சொல்லும் நரம்பு ஏற்பி ஒன்றை அது தூண்டிவிடுகிறது. நிஜமாகவே சூடு என்று நம்பி உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதைவிட ஒரு வாய் தயிர் மேல். அதே ஏற்பி குடலின் கடைசி முனையிலும் உண்டு. மறுநாள் காலையில் தெரியும்.

அல்சருக்கும் காரம் முதல் காரணம் அல்ல. பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி, இல்லையென்றால் மூட்டுவலிக்கென்று தினமும் விழுங்கும் வலி மாத்திரை. ஏற்கெனவே புண் இருந்தால் காரம் எரிச்சலைக் கூட்டும், அவ்வளவுதான்.

உண்மையில் வேலை வைப்பது எண்ணெய். கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும். பித்தப்பையைச் சுருங்க வைக்கும். கணையத்தை நொதிகளை விடச் சொல்லும். உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வையும் தளர்த்தும். ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும் இரைப்பை நிரம்பியிருக்கிறது, மெதுவாகத்தான் காலியாகிறது, மேல்வாசலோ தளர்ந்து கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து ஆத்தங்குடித் தரைக்கல்லின் குளிர்ச்சிக்கு ஆசைப்பட்டு வீட்டு உள்முற்றமான வளவில் மல்லாந்து படுத்தால் அமிலம் மேலேறாமல் என்ன செய்யும்? இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருங்கள். படுத்தே தீரவேண்டும் என்றால் தலையை உயர்த்தி இடப்பக்கம் படுங்கள்: இரைப்பையின் பெரிய பகுதி இடப்பக்கம் இருப்பதால் அமிலம் வாசலுக்குக் கீழேயே தங்கும்.

பித்தத்தைச் செய்வது கல்லீரல், நாளுக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை. பித்தப்பை அதில் 30 முதல் 50 மில்லியைச் சுண்டவைத்துச் சேமிக்கிறது. பித்தம் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்தால்தான் கணையத்தின் லைபேஸ் என்ற நொதி அதைச் செரிக்க முடியும். பித்தப்பையில் கல் இருந்து, அது சுருங்கும்போது வாய்க்குழாயை அடைத்துக்கொண்டால், வலது விலாவுக்கு அடியில் வலி பிடித்து வலது தோள்பட்டை வரை போகும். விருந்து சாப்பிட்ட ராத்திரிகளில் மட்டும் இப்படி வருகிறதென்றால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

செரித்த கொழுப்பில் பெரும்பகுதி நேரே கல்லீரலுக்குப் போவதில்லை. நிணநீர்க் குழாய்களில் ஏறி, இடது கழுத்தடியில் ரத்தத்தோடு கலக்கிறது. விருந்துக்குச் சில மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதியான சீரம் பால்போல் கலங்கித் தெரிவது இதனால்தான். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகம் என்று முடிவு வந்தால் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

கவுனி அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு அரிசிதானே என்று சர்க்கரை நோய்க்காரர்களும் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார்கள். தவிட்டோடு இருப்பது நல்லதுதான். ஆனால் இலையில் விழுவது சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்ந்த கவுனி. நம் மொத்த ரத்தத்திலும் ஒரு நேரத்தில் ஓடும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம். ஒரு கப் சோற்றிலேயே சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இவ்வளவையும் தசைக்கும் கல்லீரலுக்கும் ஒதுக்க இன்சுலின் ஓடியாடவேண்டும். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிஷம் மெல்ல நடந்தால், வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

விருந்து நாளில் 'வாயுப் பிடிப்பு' என்று சோடா வாங்கிக் கொடுப்பதில் ஒரு ஆபத்து உண்டு. இதயத்துக்கும் இரைப்பைக்கும் வலி சொல்லும் நரம்புகள் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்தில் சேர்வதால், மாரடைப்பும் மேல்வயிற்று எரிச்சலாகத் தெரியலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ கைக்கோ பரவும் இறுக்கம் இருந்தால் உடனே ஈசிஜி எடுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் அதோடு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். சிறிது நேரம் கழித்து இன்னொன்றும், இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகுதான் மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியும்.